சின்ன இழுவைப்படகு கட்டப் போகிறீர்களா? வரைபடம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

படத்தில் பார்த்தால் எல்லா இழுவைப்படகும் அழகுதான். நிமிர்ந்த அணியம் (முன்முனை), உயர்ந்த சுக்கான் அறை, அதன் பின்னால் ஒரு புகைக்குழாய், விளிம்பைச் சுற்றி ரப்பர். பெரும்பாலானோர் இந்தப் பக்கத்தோற்றப் படத்தைப் பார்த்தே வரைபடத்தை வாங்கிவிடுகிறார்கள். படகு எப்படி நடந்துகொள்ளும் என்பதை வேறு இரண்டு விவரங்கள் தீர்மானிக்கின்றன: மொத்த எடை எவ்வளவு, அந்த எடை எந்த உயரத்தில் உட்காருகிறது. இவை இரண்டையும் சொல்லாத வரைபடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இங்கே பேசுவது 14 முதல் 22 அடி வரையுள்ள பொழுதுபோக்குப் படகுகளைப் பற்றி. துறைமுகத்தில் கப்பல் தள்ளும் இழுவைப்படகின் உருவம் இருக்கும். வேலை என்னவோ நான்கு பேர் உட்கார்ந்து ஆற்றில் மெல்லப் போவதுதான். இவற்றுக்கான வரைபடங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. சாம் டெவ்லின் வரைந்த காட்சில்லா 22, அதைவிடச் சிறிய காட்சில்லி 16 போன்றவை இந்த வகை. குளிர்ந்த, அமைதியான நீருக்காக, அங்கே கிடைக்கும் பலகையை மனதில் வைத்து வரைந்தவை அவை. அவற்றைக் குமரி மாவட்டத்துக்குக் கொண்டுவரும்போது எது ஒத்துவரும், எது வராது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

கடல் வேண்டாம். நம் மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை கரையிலேயே உடையும். மற்ற மாதங்களிலும் காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடல் (தொலைவிலிருந்து வரும் திடீர்ப் பேரலை) ஏறி வரும். வள்ளமும் கட்டுமரமும் அந்த அலையைத் தாண்டுவதற்கென்றே உருவானவை. இழுவைப்படகுக்கு ஆழமான ஏரா (அடிமரம்), அகன்று கனத்த பின்பக்கம். பின்னாலிருந்து அலை தூக்கினால் ஏரா தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் சுழலும், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை உடையும்போது பழக்கமான மீனவர்களுக்கே அது ஆபத்தான இடம். சுக்கான் அறை வைத்த 16 அடிப் படகுக்கு அங்கே வேலை இல்லை.

மிச்சம் இருப்பது உள்நீர். குழித்துறைக்குக் கீழே தாமிரபரணி, மணக்குடிக் காயல், ஏவிஎம் கால்வாயில் இன்னும் தண்ணீர் நிற்கும் துண்டுகள். ஏவிஎம் என்ற அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் 1860இல் தொடங்கியபோது திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகு போக்குவதாகத் திட்டம். இன்று பல இடங்களில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. ஆகவே வரைபடத்தில் பார்க்க வேண்டிய முதல் எண், படகு தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கும் என்பது. இந்த நீருக்கு ஒன்றரை அடி சௌகரியம், இரண்டு அடி உச்சவரம்பு. இரண்டரை அடி என்று போட்டிருந்தால், கோடையில் பொழி (ஆற்றுவாய்) அடைந்து நீர் வற்றும் மாதங்களில் படகு சேற்றில் உட்காரும்.

அடுத்தது தலைக்கு மேல். நீர்மட்டத்திலிருந்து மாஸ்ட் நுனி வரை எத்தனை அடி என்று பார்த்துவிட்டு, நீங்கள் போகும் வழியில் உள்ள மிகத் தாழ்ந்த பாலத்தை அளந்து பாருங்கள். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதைவிட அதிகம் ஏற்றும், அந்த மட்டத்தையே கணக்கில் எடுங்கள். மாஸ்டையும் புகைக்குழாயையும் கீல் வைத்து மடக்கும்படி வரைந்திருந்தால் நல்லது.

நீளமும் என்ஜினும்

இழுவைப்படகு தண்ணீரைப் பிளந்து போகும். மேலே எழும்பிச் சறுக்கிப் போகாது. அதனால் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் வரும். 15 அடிக்கு 5.2 நாட், அதாவது மணிக்கு 9.6 கிலோமீட்டர். 20 அடிக்கு 6 நாட், 11 கிலோமீட்டர். ஐந்து அடி கூட்டிக் கிடைப்பது ஒன்றரைக் கிலோமீட்டர் வேகம். அதற்குக் கொடுக்கும் விலை என்ன? 16 அடிப் படகை அதே வடிவில் 20 அடியாக்கினால் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். பலகை, ரெசின் (பிசின்), உழைப்பு எல்லாம் அதன் பின்னாலேயே ஏறும். முதல் படகுக்கு 16 அடி போதும் என்பது எங்கள் கணிப்பு. 14 அடிக்குக் கீழே போனால் நின்று ஓட்டும் உயரத்துக்கு வைக்கும் அறை, அடியில் இருக்கும் உடலுக்குப் பெரிதாகிவிடும்.

என்ஜினுக்கு, ஆட்களையும் சேர்த்த முழு எடையில் டன்னுக்கு 3 முதல் 4 குதிரைத்திறன் சாதாரண ஓட்டத்துக்குப் போதும். எதிர்க்காற்றுக்கும் ஆற்று இழுப்புக்கும் அதைப்போல இரண்டு மடங்கு கையிருப்பு வேண்டும். ஒரு டன் படகுக்கு 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்பக்கம் தொங்கவிடும் என்ஜின்) சரியாக இருக்கும். 25 வைத்தால் வேகம் கூடாது, பின்பக்கம் தாழ்ந்து பெட்ரோல்தான் தீரும். விட்டம் பெரிதாகவும் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைவாகவும் உள்ள புரொப்பல்லர் வேண்டும். லேசான ஃபைபர் படகுக்குப் போட்ட புரொப்பல்லரை அப்படியே மாட்டினால் என்ஜின் திணறும்.

உள்ளே வைக்கும் டீசலா, அவுட்போர்டா? இழுவைப்படகு என்றாலே டீசல் என்று ஒரு பிடிவாதம் உண்டு. டீசல் வைக்க ஷாஃப்ட், அது வெளியேறும் குழாயான ஸ்டெர்ன் டியூப், என்ஜின் படுக்கை, குளிர்நீர் வழி எல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக வர வேண்டும். கொஞ்சம் கோணினாலும் அதிர்வும் ஒழுகலும் வரும். அவுட்போர்டுக்குக் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மெக்கானிக் இருக்கிறார், உதிரிப்பாகமும் கிடைக்கும். முதல் படகென்றால் அவுட்போர்டு வரைபடத்தையே எடுங்கள். ஆனால் மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது, என்ஜின் தொங்கும் பலகையின் உயரம்: 15, 20, 25 அங்குலக் கால்களில் எதற்கு வரைந்திருக்கிறார்கள்? இரண்டாவது, என்ஜின் எடை. பழைய வரைபடங்கள் 25, 30 கிலோ டூஸ்ட்ரோக்கை நினைத்து வரைந்தவை. இன்றைய ஃபோர்ஸ்ட்ரோக் 9.9, ஏறத்தாழ 40 கிலோ வரும். மூன்றாவது, என்ஜினை ஒரு கிணற்றுக்குள் மறைத்திருந்தால் அதற்குக் காற்றுவழியும், அடியில் நீர் வடியும் வழியும் இருக்கிறதா? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய குழியில் தேங்கி நிற்கும்.

எடைக் கணக்கு

வரைபடத்தில் டிஸ்பிளேஸ்மென்ட் என்று ஓர் எண் இருக்கும். அது வெறும் படகின் எடை என்று நினைப்பவர்கள் பலர். வரைந்த நீர்மட்டத்தில் படகு மிதக்கும்போது எல்லாம் சேர்ந்த எடை அது. வெறும் உடல் எடை தனியாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வரைந்தவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வரைபடத்துக்குப் போங்கள்.

16 அடிப் படகொன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரைபடம் சொல்லும் முழு எடை 900 கிலோ, வெறும் உடல் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் 45, பெட்ரோல் 25 லிட்டர் என்றால் 19 கிலோ, பேட்டரி 25, நங்கூரமும் கயிறும் 15, குடிநீர் 20, சாமான் 30, நான்கு பேர் 280. கூட்டினால் 834. இடம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்த 400 கிலோ ஒகூமே என்ற லேசான மரத்தின் பிளைவுட்டுக்கு. அது கனமீட்டருக்கு 500 கிலோவுக்கும் குறைவு. நமக்குக் கிடைக்கும் ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) மரைன் பிளைவுட் பெரும்பாலும் குர்ஜன் மரம், 700 கிலோ அளவில் நிற்கும். 8க்கு 4 அடி 12 மிமீ ஷீட் ஒன்று ஒகூமேயில் 17 கிலோ சொச்சம், நம்முடையது 25. ஆறு 12 மிமீ ஷீட், எட்டு 9 மிமீ ஷீட் போகும் படகில் ஏறத்தாழ 90 கிலோ கூடும். மொத்தம் 924. ரெசின், புட்டி, பெயின்ட் எப்போதும் கணக்கை மீறும் என்பதால் இன்னொரு 25 சேர்த்தால் 950.

பயப்பட வேண்டாம். இந்த அளவுப் படகு ஒரு சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 70 கிலோ வேண்டும். (நீர்மட்டத்தில் படகின் பரப்பைச் சதுரமீட்டரில் எடுத்துப் பத்தால் பெருக்கினால் நன்னீருக்கு இந்த எண் வரும், உப்புநீருக்கு இரண்டரை சதவீதம் கூட்டுங்கள்.) 50 கிலோ கூடினால் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. சிக்கல், கூடிய எடை எங்கே போய் உட்கார்ந்தது என்பதில் இருக்கிறது. அடிப்பலகையில் கூடினால், நிலைப்புக்காக அடியில் வைக்கும் பாரக்கல்லில் அதே அளவைக் குறைத்துக்கொள்ளலாம். சுக்கான் அறைக் கூரையில் கூடினால் எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. 2 மீட்டருக்கு 1.8 மீட்டர் கூரையை 12 மிமீ குர்ஜனில் போட்டால் பலகை மட்டும் 30 கிலோ. 6 மிமீ பலகையும் மெல்லிய குறுக்குச் சட்டங்களும் வைத்தால் ஏறக்குறைய பாதி. இங்கே பலர், வரைபடத்தில் 6 மிமீ என்று இருந்தாலும் உறுதிக்காக என்று 12 போட்டுவிடுவார்கள். போதாததற்குக் கூரையில் தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை, ஏறிக் குதிக்கப் பிள்ளைகள். கூரைக்கு மேல் ஆள் ஏறும் படம் விளம்பரத்தில் இருந்தால், அதற்கு எத்தனை கிலோ வரை கணக்கிட்டிருக்கிறார் என்று வரைந்தவரிடம் எழுதிக் கேளுங்கள்.

தலை இடிக்கிறது என்று அறையை ஆறு அங்குலம் உயர்த்துவதும் இதே ரகத் தவறு. உயரம் வேண்டுமென்றால் தரையைத் தாழ்த்தும் வழியுள்ள வரைபடத்தைத் தேடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு மாதிரி செய்து பாருங்கள். விலை குறைந்த ஆய்வு வரைபடம் தனியாகக் கிடைக்கும், அதில் இருக்கும் அளவே போதும். பத்தில் ஒரு பங்கு அளவில், தடித்த அட்டையில் வெட்டி ஒட்டி வார்னிஷ் பூசுங்கள். இந்த அளவில் எடை ஆயிரத்தில் ஒன்றாகும்: 950 கிலோ படகு 950 கிராம். என்ஜின் 45 கிராம், ஆள் 70 கிராம் என்று ஈயக் குண்டுகளை அவரவர் உயரத்தில் ஒட்டி, சிமென்ட் தொட்டியில் மிதக்கவிடுங்கள். ஒரு பக்கம் லேசாக அழுத்திவிட்டுப் பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். ஒரு பக்கம் போய்த் திரும்பி அதே இடத்துக்கு வந்தால் ஓர் ஆட்டம். மாதிரியின் நேரத்தை 3.16ஆல் பெருக்கினால் உண்மைப் படகின் நேரம். மாதிரியில் பத்து ஆட்டத்துக்கு 6.3 விநாடி என்றால் படகில் ஓர் ஆட்டம் 2 விநாடி. சிறு மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஆட்டநேரம் விநாடியில், அகலம் மீட்டரில். நேரம் அகலத்தைத் தாண்டக் கூடாது. 2 மீட்டர் அகலப் படகு 3 விநாடி எடுத்து மெத்தென்று ஆடினால் ஏறியவர்களுக்குச் சுகமாக இருக்கும், படகு கவிழ்வதற்கு அருகில் இருக்கும். கூரையில் 140 கிராம் வைத்து மறுபடி பாருங்கள். இரண்டு பேர் மேலே ஏறினால் என்ன ஆகும் என்பது தெரிந்துவிடும்.

வரைபடத்தை வாசிப்பது

ஒரு முழு வரைபடத் தொகுப்பில் உடல் கோடுகள், அளவு அட்டவணை, குறுக்குவெட்டுகள், ஒவ்வொரு உறுப்பின் தடிமன், பொருள் பட்டியல், ஷீட்டில் வெட்டும் படம், எடையும் ஈர்ப்பு மையமும், பாரம் எவ்வளவு, எங்கே என்பவை இருக்க வேண்டும். முழு அளவுத் தாள் மாதிரியும் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் வாங்குங்கள். நம் ஊர் ஓடாவிகள் கண்ணளவிலேயே வள்ளம் கட்டுபவர்கள். அவர்கள் கையில் அட்டவணையைக் கொடுப்பதைவிட, வெட்டிய மாதிரியைக் கொடுத்தால் வேலை பிசகாது.

அட்டவணையில் 2-3-5 என்று இருந்தால் 2 அடி, 3 அங்குலம், 8இல் 5 அங்குலம். அதாவது 701.7 மிமீ. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தால் 16இல் ஒரு அங்குலம் சேர்க்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்கு மாற்றி ஒரு நோட்டில் எழுதி, இரண்டாவது ஆளை வைத்துச் சரிபார்த்த பிறகு பென்சிலைப் பலகையில் வையுங்கள்.

அச்சடிக்கும்போது நடக்கும் பிழை ஒன்று உண்டு. அமெரிக்க வரைபடத் தாள் 24க்கு 36 அங்குலம். நாகர்கோவிலில் பிளாட்டர் கடையில் ஏ1 தாளில் பொருந்தும்படி அச்சடித்துத் தருவார்கள். ஏ1 நீளம் 841 மிமீ, மூலம் 914. எல்லாம் 8 சதவீதம் சிறுத்துவிடும். அதிலிருந்து அளந்து கட்டினால் 16 அடிப் படகு 14 அடி எட்டரை அங்குலமாக முடியும். ஏ0 தாளில், அளவு மாற்றாமல் அச்சடிக்கச் சொல்லுங்கள். தாளில் உள்ள அளவுகோலை ஸ்டீல் ஸ்கேல் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பாருங்கள். முழு அளவு மாதிரித் தாளை மழைக்காலத்தில் விரித்தால் ஈரத்தில் ஊறி ஒரு திசையில் கொஞ்சம் நீளும். காய்ந்த நாளில் பலகைக்கு மாற்றிவிடுங்கள்.

ஷீட் இணைப்பையும் பாருங்கள். 12 மிமீ பலகையைச் சரிவாகச் சீவி ஒட்டினால் 8 மடங்கு, 96 மிமீ மேலேறும். இரண்டு ஷீட்டில் கிடைப்பது 4.88 மீட்டர் அல்ல, 4.78. வெட்டும் படத்தில் இது கணக்கிடப்பட்டிருக்கிறதா, அல்லது பின்னால் கட்டை வைத்து ஒட்டும் இணைப்பா என்று தெரிந்துகொண்ட பிறகே ஷீட் வாங்குங்கள்.

இங்கே கிடைக்கும் பொருளுக்கு ஒத்துவருமா

20 அடிக்குள் பிளைவுட்டை ஒயரால் தைத்து எப்பாக்ஸி என்ற ரெசினில் ஒட்டும் முறைதான் நமக்கு ஏற்றது. இரும்பில் 3 மிமீக்குக் கீழே வெல்டிங்கில் தகடு நெளிந்துவிடும். அந்த 3 மிமீ தகடே சதுரமீட்டருக்கு 23.5 கிலோ. 12 மிமீ குர்ஜன் 8.4தான். உப்புக்காற்றில் துருவோடு மல்லுக்கட்டுவது தனிக்கதை.

தடிமனில் ஒரு நுணுக்கம். வரைபடத்தில் கால், எட்டில் மூன்று, அரை அங்குலம் என்று இருக்கும் இடங்களில் நாம் 6, 9, 12 மிமீ போடுகிறோம். மூன்றுமே 5 சதவீதத்துக்கு மேல் மெலிவு. விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் போவதால் 16 சதவீதம் குறையும். குர்ஜன் ஒகூமேயைவிட விறைப்பானது என்பதால் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஒருபடி ஏற்றிப் போட வேண்டியதில்லை. கடையில் ஐஎஸ் 303 பலகையை வாட்டர்ப்ரூஃப் என்று கொடுப்பார்கள், அது அலமாரிக்கு. 710 முத்திரையைப் பாருங்கள். வெட்டிய ஓரத்தில் உள்ளடுக்கு இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். துண்டு ஒன்றைக் கொதிநீரில் பல மணி நேரம் போட்டுக் காயவைத்து, மறுபடி கொதிக்கவிட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தச் சரக்கே வேண்டாம்.

சட்டத்துக்கு டக்ளஸ் ஃபர், வெள்ளை ஓக் என்று எழுதியிருப்பார்கள். வள்ளத்துக்குப் பழகிய அயனி மரம் நல்ல மாற்று. தேக்கும் சரி. ஆனால் அதில் எண்ணெய் உண்டு. ஒட்டும் முன் புதிதாகத் தேய்த்து அசிட்டோனால் துடைக்காவிட்டால் எப்பாக்ஸி பிடிக்காது. மாவட்டம் முழுக்க மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் மரத்தைத் தொடாதீர்கள். ஈரம் பட்டால் பூஞ்சையும் துளைப்பானும் பிடித்துவிடும். (ரப்பரை விளிம்பு ஃபெண்டருக்கு வையுங்கள், மரத்தை விறகுக்கு வையுங்கள்.)

ஃபைபர் படகு கட்டும் கூடங்களில் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். மரத்தோடு அதன் ஒட்டு நாளடைவில் உரிந்து வரும். வரைபடம் எப்பாக்ஸி என்றால் எப்பாக்ஸிதான். அவர்களிடம் கிடைக்கும் நறுக்கிய இழைப் பாயையும் எப்பாக்ஸியோடு சேர்க்காதீர்கள். பாயைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும். நெய்த துணி வாங்குங்கள்: வரைபடத்தில் 6 அவுன்ஸ் என்றால் சதுரமீட்டருக்கு 200 கிராம், 10 அவுன்ஸ் என்றால் 340. எப்பாக்ஸியை இறுகவைக்கும் ஹார்டனர் மெதுவான வகையாக இருக்கட்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை கெட்டியாகும் நேரம் பாதியாகும். 32 டிகிரி மதியத்தில் ஒரு லிட்டர் கலந்து வைத்தால் டப்பாவிலேயே புகைந்து இறுகும். காலையில், சின்னச் சின்னக் கலவையாகச் செய்யுங்கள். மழைநாளில் மேலே மெழுகுபோல் ஒரு படலம் படியும், அதைத் தண்ணீர்விட்டுக் கழுவாமல் அடுத்த பூச்சுப் போட்டால் உரியும்.

வெளிநாட்டு வரைபடங்களின் சுக்கான் அறை பெரும்பாலும் குளிருக்கு அடைத்துக் கட்டியது. அதில் அடுப்பு வைக்க ஒரு மூலைகூட ஒதுக்கியிருப்பார்கள். சித்திரை வெயிலில் அதற்குள் ஆள் உட்கார முடியாது. முன் கண்ணாடி திறக்கும்படியும், பின்புறம் முழுக்கத் திறந்தும், கூரை ஓரம் மழைக்கு ஓர் அடியாவது நீண்டும் இருக்கும் வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். அடைத்த மிதவை அறை ஒவ்வொன்றுக்கும் திறந்து பார்க்கும் மூடி வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உளுத்துப்போவது வெளியே தெரியாது.

பின்தளத்தில் நிற்கும் இழுவைக்கட்டை ஏரா வரை இறங்குகிறதா, தளத்தோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். தளத்தோடு நின்றால் அது அலங்காரம், அதில் பழுதான படகைக் கட்டி இழுக்காதீர்கள். இறங்கினாலும் கயிறு பக்கவாட்டில் இறுகும்படி இழுக்கக் கூடாது, படகைச் சாய்த்துக் கவிழ்த்துவிடும்.

பதிவு, போக்குவரத்து

என்ஜின் வைத்த உள்நீர்ப் படகு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் கீழ் வரும். பதிவுக்கும் ஆய்வுக்கும் என்னென்ன வரைபடம் கேட்பார்கள் என்று முதலிலேயே விசாரித்து, அவை தொகுப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேச்சிப்பாறை போன்ற அணை நீருக்குத் தனி அனுமதி வேண்டும்.

அமெரிக்க வரைபடத்தில் டிரெய்லரில் போகும் அகலம் என்றால் 8 அடி 6 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். சாலைக்கு அது சரி. உங்கள் தோப்பு வழிக்கும் வாசல் கேட்டுக்கும் சரியா என்று டேப் பிடித்துப் பாருங்கள். வாகனத்தின் மேல் ஏறிய பிறகு சுக்கான் அறை மின்கம்பியைத் தொடுமா என்றும் பாருங்கள். அறை தனியாகக் கழன்று வரும் வரைபடத்துக்கு இந்த ஊரில் கூடுதல் மதிப்பு உண்டு. படகு கட்டும் கொட்டகையைத் தென்னைக்குக் கீழே போடாதீர்கள்.

எல்லாம் பிடித்திருக்கிறது, நீளம் மட்டும் போதவில்லை என்றால் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஒரே விகிதத்தில் கூட்டி 10 சதவீதம் வரை நீட்டலாம். சட்டங்களின் வடிவத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அகலத்தையோ அறை உயரத்தையோ மாற்றத் தோன்றினால் வரைந்தவரிடம் கேளுங்கள். அவர் முடியாது என்றால் வேறு வரைபடம் தேடுங்கள்.